துணி விரிசல் விடுமா?

மூன்று வாரங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் படித்துச் சிரித்தவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். அந்தச் சிரிப்பை நீங்கள் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். சிரிக்க வைத்தவனே கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, விருத்தாசலத்தில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மனைவிக்கு முன்னால் கையில் ஒரு சாசரோடு நின்றேன். காப்பி குடிக்க அல்ல. திருட்டுச் சாமானோடு பிடிபட்டவன் எப்படி நிற்பானோ, அப்படி.

அந்தப் பழைய பத்தியைப் படிக்காதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது, தன் அம்மா ஈரத் துணி பக்கெட்டோடு மாடிப்படி ஏறுவதைப் பார்த்துவிட்டான். சரோஜாவுக்கு முழங்கால் வலி. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவாள். அடுத்த வாரம் சென்னையிலிருந்து லாரியில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. துணி காய வைக்கும் மிஷின். டிரையர்.

தெருவே வந்து பார்த்தது. வாஷிங் மெஷின் பல வீட்டில் உண்டு. இது புதுசு. துவைத்த துணியை உள்ளே போட்டால், சுடச்சுடக் காய்ந்து வெளியே வரும். வெப்பக் காற்று துணிக்குள் புகுந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு, பின்னால் ஒரு குழாய் வழியாகச் சுவரைத் தாண்டிப் போய்விடும்.

சரோஜாவுக்குப் பிடிக்கவில்லை. "வெளியில வெயிலு சும்மாத்தான காயுது. அதுக்கு ஒரு மிஷினு, அதுக்கு ஒரு கரண்டு பில்லு" என்றாள். இரண்டு நாளில் பிடித்துவிட்டது. மழைக்காலம். அப்போதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் போர்வை காய்ந்துவிட்டது.

கவனித்தீர்களா? அப்போதெல்லாம் என்கிறேன்.

ஒரு வாரம் போனது. போர்வை காய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் மூன்று. அதற்குள் கரண்ட் கட். தினமும் எங்கள் பக்கம் கரண்ட் போகும் நேரம் உங்களுக்கும் தெரிந்ததுதானே. பாதி ஈரத்தில் போர்வை உள்ளேயே கிடந்து, திறந்தால் ஊறுகாய்ப் பானை மாதிரி ஒரு வாசனை. மறுபடியும் பக்கெட். மறுபடியும் மாடிப்படி. மறுபடியும் பத்துப் படிக்கு ஒரு நிறுத்தம்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பெயர் சூசை. பாலக்கரையில் சின்னக் கடை. மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் பார்ப்பார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் மிஷின் சரியாகவில்லை. நான் அதை ஒரு பத்தியாக எழுதினேன்.

எழுதியது இதுதான்: 'எங்கள் ஊரில் ஒரு நிபுணர் இருக்கிறார். மிஷின் கதவைத் திறப்பார், மூடுவார். பஞ்சை எடுத்து ஊதுவார். ஒரு டீ குடிப்பார். மறுநாளும் வருவார். மூன்று நாள், மூன்று டீ. மிஷினில் ஈரம் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் உலர்ந்து போனது டீ டம்ளர் மட்டும்தான்.'

நல்ல வரிதான், இல்லையா? எழுதும்போது நானே சிரித்தேன். அதுதான் கெட்ட சகுனம் என்று இத்தனை வருஷம் எழுதிய பிறகாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் போடவில்லை. மரியாதை தெரிந்தவன் அல்லவா நான்.

நிறைய போன் வந்தது. 'சார், எங்க ஊர்லயும் இப்படி ஒரு ஆளு இருக்கான்' என்று பல பேர். நான் பூரித்துப் போனேன். மூன்று வாரம் போயே போய்விட்டது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மிஷினுக்குக் கீழே தரையில் தண்ணீர் நின்றிருந்தது. சரோஜா குனிந்து பார்த்தாள். பின்னால் போகும் குழாயின் மூட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பொறியியல் படித்தவள் அல்ல. அதனால் குழாய் எங்கே போகிறதோ அங்கே அவளும் போனாள். சுவரைத் தாண்டிப் பின்பக்கச் சந்துக்கு.

"ஏங்க, செத்த இங்க வாங்க."

போனேன்.

"இதை யாரு இங்க வச்சது?"

குழாயின் வெளிவாயில் ஒரு வெள்ளைச் சாசர் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. எங்கள் ஊரில் பீங்கான் சாமான் இல்லாத வீடு ஏது? தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கோணல் கப், ஓட்டைச் சாடி, ஓரம் உடைந்த தட்டு, எல்லாம் ஏதாவது ஒரு வேலையில் இருக்கும். அந்தச் சாசரும் அப்படி வந்ததுதான். ஓரத்தில் ஒரு சின்ன உடைசல்.

"நான்தான் வச்சேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"எதுக்கு?"

என் வாசகர்களுக்குத் தெரியும், நான் முப்பத்தோரு வருஷம் பீங்கான் தொழிற்சாலையில் உலர்த்தும் அறைக்குப் பொறுப்பாக இருந்தவன். களிமண்ணில் செய்த பச்சைச் சாமானைச் சூளையில் வைப்பதற்கு முன் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டால் தீர்ந்தது. மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், விரிசல் விழும். அதனால் முதல் சில மணி நேரம் அறையின் காற்று வழியை அடைத்துவைப்போம். ஈரமும் சூடும் உள்ளேயே நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்போம். எவ்வளவு திறப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. இந்த ஊரில் அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று மற்றவர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். சில சமயம் நானே சொல்லியும் கேட்டிருக்கிறேன்.

மிஷின் வந்த முதல் வாரம் ஒருநாள் அந்தச் சந்துக்குப் போனேன். குழாயிலிருந்து நல்ல சூடான காற்று புஸ்ஸென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு மனசு பொறுக்கவில்லை. இப்படியா ஒரு சூட்டை வீணடிப்பது? இப்படியா தடாலடியாக ஒரு பொருளைக் காயவைப்பது? உள்ளே போய் ஒரு சாசரைத் தேடி எடுத்தேன். உடைசல் வழியாகக் கொஞ்சம் போகும், அது போதும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கட்டிவிட்டேன். அரை மணி கழித்துத் திறக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்... முதல் இரண்டு நாள் திறந்தேன். மூன்றாம் நாள் மழை. சந்தில் சேறு. அப்படியே விட்டேன்.

இதையெல்லாம் சரோஜாவுக்கு விளக்கினேன். முப்பத்தோரு வருஷ அனுபவத்தை ஐந்து நிமிஷத்தில், சேற்றில் நின்றுகொண்டு. அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"ஏங்க... துணி விரிசல் வுடுமா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

கம்பியை அவிழ்த்தேன். சாசர் கையோடு வந்தது. சரோஜா உள்ளே போய்ப் போர்வையைப் போட்டு மிஷினை ஓட்டினாள். ஐம்பது நிமிஷம். காய்ந்த போர்வையை என் மடியில் போட்டுவிட்டு, "மடிச்சு வைங்க. பாத்து, வெடிச்சுடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்றால் இது ஒரு வேடிக்கைக் கதை. போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. நான் எழுதாமல் விட்ட ஒன்று.

சூசை இரண்டாவது தடவை வந்தபோது மிஷினை ஓடவிட்டு, பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார். "சார், சூடு நல்லா வருது. காத்துதான் வெளியேற மாட்டேங்குது. சூடு தேங்கிப்போயி தானா கட் ஆவுது. பைப்பு வெளியில எங்க போவுதுன்னு ஒரு தபா பாத்துடுறேனே" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதெல்லாம் நான் பார்த்துட்டேம்ப்பா. காத்து எப்படிப் போகணும்னு எனக்குப் பாடம் எடுக்காதே. மிஷினைப் பாரு."

மூன்றாம் தடவையும் கேட்டார். "ஒரு நிமிசம் சார், பின்னால போயி..." என்று ஆரம்பித்தார். நான் டீயை நீட்டினேன். பேச்சை நிறுத்துவதற்காக நீட்டினேன். அந்த டீயைத்தான் பிறகு அவர் மேல் எழுதினேன்.

நோயாளி காலைப் பார்க்க விடாமல் கால்வலி தீரவில்லை என்று டாக்டரைத் திட்டினால் எப்படி? அதை அச்சிலும் போட்டு, ஊரைக் கூட்டிச் சிரித்தால்?

தொழிற்சாலையிலும் இப்படி இருந்திருக்கிறேனோ என்று யோசித்தேன். காற்று வழியை முன்கூட்டியே திறந்தான் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்? பாதித் தடவை நான் சரி. மீதிப் பாதியைப் பற்றி யாரும் பத்தி எழுதவில்லை. அதனால் நான் கெட்டிக்காரனாகவே ஓய்வு பெற்றேன்.

அன்று சாயங்காலம் பாலக்கரைக்குப் போனேன். சூசை ஒரு மிக்சியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மூணு டீ, உன்னைத் தேடி சார் வந்திருக்காரு பாரு."

மூணு டீ. அதுதான் இப்போது அவர் பெயர். நான் வைத்த பெயர்.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். சாசர் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் கை மிக்சியை விட்டு வரவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப எத்தினி நிமிசத்துல காயுது சார்?" என்றார்.

"ஐம்பது."

"துண்டா, போர்வையா?"

"போர்வை."

"அப்ப மிஷினு நல்லா இருக்குது" என்றார். அவர் முகத்தில் ஒரு திருப்தி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

"என்னை நாலு வார்த்தை கேட்டுடு சூசை."

"உங்கள இன்னா சார் கேக்குறது. நானே பின்னால போயிப் பாத்திருக்கணும். பெரியவங்க, காத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க, சொல்றாங்களேன்னு வுட்டேன். மிஷினு ஒண்ணு சொல்லிச்சு, நீங்க ஒண்ணு சொன்னீங்க. நான் உங்க பேச்சைக் கேட்டேன். அது என் தப்புதான்."

இதைவிட மரியாதையாக ஒருவர் என்னை அடித்ததில்லை.

அப்புறம் மெதுவாக விஷயம் வந்தது. நான் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. வேப்பூரில், சென்னை ரோட்டின் மேல், ஒரு ஹோட்டல்காரர் மாடியில் அறைகள் கட்டியிருக்கிறார். படுக்கை விரிப்பெல்லாம் காய வைக்க இதே மாதிரி மிஷின்கள் வாங்குகிறார். அவற்றைப் பராமரிக்கும் வேலையைச் சூசைக்குத் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மாதா மாதம் நிச்சயமான வேலை. மிக்சி எப்போது கெடும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. என் பத்தி வந்த வாரம் ஹோட்டல்காரர் போன் செய்து, 'திருச்சியிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டாராம்.

"பேரே போடலியே நான்" என்றேன். கேவலமான சாக்குதான். வாயில் வந்துவிட்டது.

சூசை முதல் தடவையாகச் சிரித்தார். "இந்த ஊர்ல அந்த மிஷினைத் தொடறவன் நான் ஒருத்தன்தான் சார்."

மறுநாள் காலை பஸ் ஏறி வேப்பூர் போனேன். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன், எல்லாம் சரியாயிடும்" என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள், "அங்கயும் ஏதாச்சும் மூடி வச்சுட்டு வந்துடாதீங்க" என்றாள்.

ஹோட்டல் முதலாளி நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என் பத்தியை வாரா வாரம் படிப்பவராம். இட்லி வரவழைத்தார். நான் இட்லியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாசர், கம்பி, சேறு, சூசை இரண்டு தடவை கேட்டது, நான் தடுத்தது.

கேட்டுவிட்டு மனம்விட்டுச் சிரித்தார். "சார், உங்க மனசு யாருக்கு வரும்? அந்தாளு பொழப்பு போயிடக் கூடாதுன்னு பழியைத் தூக்கி உங்க மேலயே போட்டுக்குறீங்க பாருங்க."

"இல்லைங்க. நிஜமாகவே நான்தான் அடைச்சேன்."

"உங்களை மாதிரி தொழில் தெரிஞ்சவரு அப்படிச் செய்வாரா சார்? நம்புற மாதிரியா இருக்குது? சாப்பிடுங்க, ஆறுது."

எவ்வளவு மன்றாடியும் நடக்கவில்லை. நான் அச்சில் போட்ட பொய் அவருக்கு உண்மையாக இருந்தது. நேரில் போய்ச் சொன்ன உண்மை என் பெருந்தன்மையாகிவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ தடவை என்னைக் கெட்டிக்காரன் என்று நம்பவைக்கப் பாடுபட்டிருக்கிறேன். மடையன் என்று நம்பவைப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "சார், நீங்க சொல்றது நெசம்னா அதையும் எழுதுங்க. மாசக் கடைசியிலதான் திருச்சி ஆளுகிட்ட முடிவு சொல்லணும். அதுக்குள்ள உங்க பக்கத்துல வந்துதுன்னா நான் சூசையையே வச்சுக்குறேன். நீங்க எழுதினதை நம்பி மாத்தினேன். நீங்க எழுதினதை நம்பியே திரும்ப மாத்திக்குறேன்."

நியாயம்தானே?

வேப்பூரிலிருந்து நேராகப் பாலக்கரைக்கு வந்து சூசையிடம் அப்படியே சொன்னேன். "இந்த வாரமே எழுதிடறேன். உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். 'எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர்' என்று கௌரவமாகப் போட்டுக்கறேன்" என்றேன்.

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். பழகிய இத்தனை நாளில் அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், கிண்டல் பண்ணப்ப பேரு போடல. ஆனா ஊருக்கே தெரிஞ்சுது. இப்ப நல்லது சொல்றப்ப பேரு போடலன்னா ஒருத்தருக்கும் தெரியாது. பேரைப் போடுங்க. கடை எங்க இருக்குதுன்னும் போடுங்க."

போட்டுவிட்டேன். மேலே பல தடவை போட்டிருக்கிறேன். இன்னொரு தடவையும் போடுகிறேன். சூசை, பாலக்கரை, விருத்தாசலம். மிஷினைச் சரியாகப் பார்த்தவர். சரியாகச் சொன்னவர். பார்க்கவிடாமல் தடுத்தது நான். அதை மறைத்து எழுதியதும் நான்.

இதை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். வழக்கமாக அவள் என் பத்திகளைக் கேட்பதில்லை. இதைக் கேட்டாள். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இதுலயும் உங்களைப் பத்தித்தான் நெறைய இருக்குது" என்றாள். இரண்டு பாராவை அடித்தேன். இன்னும் இருக்கிறது என்றாள். இதற்கு மேல் அடித்தால் பக்கம் காலியாகிவிடும், விட்டுவிடு என்று கெஞ்சி வாங்கி வந்திருக்கிறேன்.

வேப்பூர் ஹோட்டல் முதலாளி அவர்களே, நீங்கள் கேட்டபடி அச்சில் வந்துவிட்டது. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, போனை எடுங்கள்.

என் பெருந்தன்மையைப் பாராட்ட எனக்குச் செய்யாதீர்கள்... சூசைக்குச் செய்யுங்கள்.